வாய்க்கால் பாசனதாரர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் நேராகத் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. போர்செட் உள்ளவர்கள் குறுவை நெல் போட்டார்கள், மற்றவர்கள் வானத்தைப் பார்த்தோம். உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்புப்படி, கர்நாடகம் விடும் தண்ணீரை அளக்கும் எல்லைப் பகுதியான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி) வர வேண்டும், அதில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24. ஜூலை 11-ல் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு மாதக் கடைசி வரை தினம் ஒரு டிஎம்சி விடச் சொன்னது. கர்நாடகத்தில் அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டு, அதைவிடக் குறைவாக வினாடிக்கு 8,000 கனஅடிதான் முடியும் என்றார்கள். அதைக் கண்டித்து நாமும் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். அப்புறம் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டியது, கர்நாடகத்தின் கபினி அணை நிரம்பியது, கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணை நிரம்பியது, ஜூலை 28-ல் மேட்டூர் திறந்து இரண்டே நாளில் முழு மட்டமான 120 அடியைத் தொட்டு, மிச்சம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. ஆக, வந்தது மழைத் தண்ணீர், இதில் குழுவுக்கும் நமக்கும் பெருமை கிடையாது. மழை பொய்த்த 2023-ல் இதே குழு இருந்தும் குறுவை கருகி, அக்டோபர் 10-ல் அணையை மூடினார்கள்.

177.25 என்பது சாதாரண மழை வருஷத்துக் கணக்கு. பற்றாக்குறை வந்தால் விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பில் இருக்கிறது, சரி, எந்தத் தேதியில், எந்த அணையின் இருப்பை வைத்து? அதில்தான் ஒவ்வொரு முறையும் அடிதடி. அணை நிரம்பிவிட்டால் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்கிறோம். 2003-ல் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து காவிரிக் குடும்பம் அமைத்து, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். கர்நாடகத்து மண்டியாக்காரருக்கும் பயிர் காயும் என்பது நம்ம ஆட்களுக்கு நேரில் தெரிந்தது. அந்தப் பேச்சை நிறைந்த வருஷத்தில்தான் மறுபடி தொடங்க வேண்டும் என்பது என் கருத்து, செயற்குழுவில் சிலர் ஏற்கவில்லை.

நம்ம வாய்க்கால் கதையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் தலைமடைக்காரர்கள் (வாய்க்காலின் மேல்பக்கத்து விவசாயிகள்) ராத்திரியில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள், நம்ம இளைஞர்கள் கடப்பாரையோடு கிளம்பினார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முறை வைத்தபின் வாய்க்கால் முடியும் கடைமடை வரை நாற்று நட முடிந்தது. நவம்பர் கடைசியில் பெய்த மழையில் சம்பா மூழ்கி, வடிகாலில் மண்டிய ஆகாயத்தாமரையால் தண்ணீர் வடியவே இல்லை.

வரும் மே மாதத்துக்குள் தூர்வாரக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

செயலாளர்