பால் உளிக்கு அருகில் ஒரு பிறப்புச் சான்றிதழ்

பினாங்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோலாலம்பூரில் ஓர் அருங்காட்சியகத்திற்குப் போயிருந்தபோது, "தாத்தா, இங்கே பிள்ளைகள் எங்கே?" என்று பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாய். இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் காலியாகக் கிடந்த வகுப்பறையைக் குழந்தை உரிமைகளுக்கான காட்சிக்கூடமாக மாற்றிக்கொண்டிருக்கும் எனக்கு, அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது.

1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 54 விதிகளையும் அச்சிட்டு, முதலில் சுவரில் மாட்டினேன். பிள்ளைகள் நான்கைந்து வரி படித்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மறுநாளே அதைக் கழற்றிவிட்டு ரப்பர்த் தோட்டத்துப் பொருள்களைக் கொண்டுவந்து வைத்தோம்: ரப்பர் மரம் சீவும் பால் உளி, வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, இரண்டு வாளிகள், ஓரம் உடைந்த ஒரு சிலேட்டு. கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வாளிகளில் தண்ணீர் நிரப்பி, விரும்பியவர்கள் காண்டாவைத் தோளில் வைத்துப் பார்க்கலாம் என்றோம். பத்தடி நடப்பதற்குள் வாளியை இறக்கி வைத்த ஒரு மாணவி, "அம்மாவோடு மரம் சீவ நிரைக்குப் போன பிள்ளை எப்போது பள்ளிக்குப் போனது?" என்று கேட்டாள். கல்வி உரிமையைப் பேசும் 28ஆம் விதியை அதன் பிறகுதான் வாசித்தோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தையும், தொடக்கக் கல்வி நம் நாட்டில் 2003இல்தான் கட்டாயமானது என்பதையும் அப்போது சொன்னேன். ஒரு பிள்ளையும் சன்னல் பக்கம் திரும்பவில்லை.

விளக்க அட்டைகளைப் பிள்ளைகளே எழுதினார்கள். குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்னும் 12ஆம் விதியைச் சுவரில் எழுதிவிட்டு, அட்டைகளை நாமே எழுதி, அவர்களுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுவது முறையன்று. ஆகவே எல்லாம் மூன்றடி உயரத்தில்தான் இருக்கின்றன; பெரியவர்கள் குனிந்து படிக்கட்டும்.

என்னை உறங்கவிடாதது வேறொன்று. பெயருக்கும் பிறப்புப் பதிவுக்கும் குடியுரிமைக்குமான ஏழாம் விதியைக் காட்ட, ஒரு பழைய பிறப்புச் சான்றிதழின் நகலைச் சட்டமிட்டு வைத்திருந்தோம். மலேசியா 1995இல் உடன்படிக்கையில் இணைந்தபோது முழுமையாக ஏற்காத விதிகளில் அதுவும் ஒன்று. எல்லாரும் போன பிறகு ஒரு சிறுவன் தயங்கி நின்று, "ஐயா, இது என்கிட்ட இல்லை" என்றான். காட்சிக்காக வைத்த தாள், அந்தப் பிள்ளைக்குத் தான் இழந்ததைச் சுட்டும் விரலாகிவிட்டதே என்று ஒரு கணம் வருந்தினேன். ஆனால் அது அங்கே இல்லாதிருந்தால் அவன் வாய் திறந்திருக்கவே மாட்டான். வரும் வியாழக்கிழமை அவனுடைய தாயுடன் தேசியப் பதிவிலாகாவுக்குச் செல்கிறேன்.

நாம் படித்த தோட்டத்துப் பள்ளியில் உன் அக்காள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், நினைவிருக்கிறதா? அவளுடைய படம் ஏதேனும் இருந்தால் கொண்டு வா. பள்ளி விடுமுறையில் பேத்தியையும் அழைத்து வா. அந்தப் படத்துக்கான அட்டையை அவளே எழுதட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்