பெயர் எழுதாத பைகளுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

எங்கள் சின்ன மகளுக்குப் போன வாரம் ஒரு வயது நிறைந்தது. சிங்கப்பூரில், ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே நாலு மேசை போட்டு, பிரியாணி இறக்கி, கேக் வெட்டினோம். வந்தவர்களில் பாதிப் பேர் போன வருடம் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்கள். நேரிலேயே நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒருவரும் சொல்லவிடவில்லை. ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். அதனால் எழுத வேண்டியதாயிற்று. அதோடு, நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது என் மனைவிக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு. அவர்களின் பெயரும் எனக்குத் தெரியாது, முகமும் தெரியாது. பொதுவில் எழுதினால் அவர்களில் ஒருவர் கண்ணிலாவது படும் என்று ஒரு ஆசை.

பிரசவம் நல்லபடியாகத்தான் முடிந்தது. பிள்ளையைத் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அறையில் பேச்சு மாறியது. குழந்தை பிறந்த பிறகு கருப்பை தானாகச் சுருங்கி, திறந்திருக்கும் ரத்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டுமாம். என் மனைவிக்கு அது சுருங்கவில்லை. பிள்ளையோடு என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அன்றிரவும் மறுநாளும் சேர்த்து 14 பை ரத்தம் ஏற்றினார்கள். சிவப்பணு எட்டு, மீதி பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும்.

கடைசி இரண்டு பைகளைத்தான் நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு தாதியர் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று, பையில் இருந்த எண், ரத்த வகை, காலாவதித் தேதி எல்லாவற்றையும் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்தார். வாங்குகிறவள் பெயர் கைப்பட்டையில் இருந்தது. கொடுத்தவர் பெயர் எங்கும் இல்லை. சிவப்பணுவை 42 நாள்வரைதான் வைத்திருக்க முடியும் என்று அந்தத் தாதி சொன்னார். அப்படியென்றால் அதற்கு முந்தைய ஆறு வாரத்துக்குள் யாரோ ஒருவர் வேலை முடிந்து ஊட்ரம் ரத்த வங்கிக்கோ, எங்கேயோ ஒரு முகாமுக்கோ போய்ச் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுப் படுத்திருக்கிறார்.

அதே ஆறு வாரத்தில் எங்கள் பக்கத்துச் சமூக மன்றத்திலும் ரத்த தான முகாம் நடந்தது. துண்டுத்தாள் நீட்டிய பெண்ணிடம், "அவசரமாப் போறேன்மா" என்றேன். ஒரு அவசரமும் இல்லை. கோழிச் சோறு வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

பெரும்பாலும் 14 வெவ்வேறு ஆள்களாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் தமிழரா, மலாய்க்காரரா, சீனரா, இங்கே பிழைக்க வந்தவரா என்று தெரியாது. இந்த ஊரில் ரத்தத்துக்குக் காசு கிடையாது. படுத்து எழுந்தால் ஒரு பானமும் பிஸ்கட்டும், அவ்வளவுதான். உங்களுக்கு நன்றி. என் பெரிய மகளுக்கு அம்மா இருக்கிறாள். சின்னவளுக்கும் இருக்கிறாள்.

மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் தனியாகக் கடிதம் கொடுத்துவிட்டேன். இனி பெயர் தெரிந்தவர்கள்.

எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), எங்கள் பெரியவளை ஒன்பது நாள் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கு அனுப்பி, தலை பின்னி, ராத்திரி அழுதால் மடியில் போட்டுத் தூங்கவைத்து எல்லாம். நன்றி சொல்லப் போனால், "நான்தான் உங்களுக்குச் சொல்லணும். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. உன் மகள் வந்து எனக்குத் துணையாக இருந்தாள்" என்கிறார். சரி என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் லிஃப்டில் அவர் மகன் சொன்னார், அந்த ஒன்பது நாளும் அவர் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கவே இல்லையாம். எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

சரக்கு விமானப் பிரிவில் என்னோடு வேலை பார்த்த சீன நண்பர் எனக்காகப் பதினொரு இரவு வேலை பார்த்தார். அவர் வெளிப்படையான ஆள். "சும்மா செய்யவில்லை. அடுத்த வருடம் என் அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை. அப்போது நீ என் இரவுகளை எடுத்துக்கொள்" என்றார். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. கடன் என்றால் கட்டிவிடலாம் பாருங்கள். மூன்றாம் மாதம் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். எனக்காக இரவு வேலை பார்த்தபோதே அந்த வேலை அவருக்குக் கிடைத்தாகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

தேக்கா பக்கம் நாட்டு மருந்து விற்கும் அம்மா ஒருவர். பிள்ளை பெற்ற லேகியம் வாங்கப் போனபோது விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு பாட்டில் லேகியமும் ஒரு பை நிறையப் பூண்டும் எடுத்துக் கொடுத்தார். காசை நீட்டினேன். "வேணாம்பா. இது எனக்குப் புண்ணியம். காசைக் குடுத்து அதைக் கெடுத்துடாதே" என்றார்.

தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணியில் இருக்கும் என் அண்ணன் மகன் முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, "அரை நாள் விடுப்பு கிடைச்சது சித்தப்பா, அதுக்குத்தான்" என்றான். அந்த அரை நாளையும் எங்கள் வீட்டுத் துணி துவைத்துக் காயப்போடத்தான் செலவழித்தான்.

இன்னொருவர் பழக்கூடையோடு மருத்துவமனைக்கு வந்தார். மூன்றாம் நாள் மறுபடி வந்து காப்புறுதித் திட்டம் ஒன்றை விரித்துக் காட்டினார். அவருக்கும் நன்றி. பழம் நல்ல பழம்தான்.

இப்போது சின்ன மாமா. என் அம்மாவின் கடைசித் தம்பி. பிறந்தநாளன்று பிரியாணித் தட்டோடு உட்கார்ந்துகொண்டு, "நன்றி எதுக்கு மாப்பிள்ளை? உலகத்துல அவனவன் ஆதாயத்துக்குத்தான் எதையும் செய்யுறான்" என்று ஆரம்பித்தார். ஆதாரம் வேறு கையில் வைத்திருந்தார். 1987இல் இங்கே உறுப்புமாற்றுச் சட்டம் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரின் உறுப்புகளை இறந்தபின் எடுத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அவருக்கே சிறுநீரகம் தேவைப்படும்போது காத்திருப்போர் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்படுவார். அப்புறம் வரி. அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்கு 100 வெள்ளி (டாலர்) கொடுத்தால் 250 வெள்ளியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். "ஜனங்க எல்லாம் தங்கமா இருந்தா இதெல்லாம் எதுக்கு? அரசாங்கத்துக்கே தெரியும்டா" என்றார்.

பெயர் தெரியாதவருக்கு ரத்தம் கொடுத்தவருக்கு என்ன ஆதாயம் என்று கேட்டேன். "கொடுத்துட்டு வெளிய வரும்போது மனசு குளுகுளுன்னு இருக்கும்ல? அதுதான் கூலி."

நியாயமாகச் சொன்னால், மாமா ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. இது இரண்டு மூன்று இரவு என்னைக் குடைந்ததால் ஜூரோங் வட்டார நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் என்ற தத்துவவாதி ஒரு கிழவருக்குப் பிச்சை போட்டாராம். ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, அவர் படும் பாட்டைப் பார்த்து எனக்கு வேதனையாக இருந்தது, என் பிச்சை அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல் என்றாராம். நம் மாமாவேதான். மனசுக்குள் வரும் அந்தச் சுகத்துக்கும் ஒரு பெயர் உண்டு, 'இதமான சூடு' என்று. 1990 வாக்கில் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி என்ற பொருளியலாளர் அதைக் கணக்குக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். வெள்ளைக்காரர் ஊரில் சூடு இதம். மாமாவுக்குக் குளுகுளு.

ஆனால் மாமாவுக்கான பதிலும் அங்கேயே இருந்தது. 1726இல் ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் சொன்ன வாதம் அது. என் சொற்களில் சொல்கிறேன். தாகம் இருப்பவனுக்குத்தான் தண்ணீர் ருசிக்கும். முதலில் தாகம், பிறகுதான் சுகம். அதுபோல, அடுத்தவர் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் முன்பே இருந்தால்தான் அவர் பிழைத்ததும் நமக்குச் சந்தோஷம் வரும். மக்சிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மகள்மேல் அவருக்குப் பிரியம் இல்லாவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிற ஆறு வயதுப் பிள்ளை என்ன துணை? தொல்லை.

1981இல் டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்தார். ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதைப் போல் காட்டி (உண்மையில் அவர் நடித்தார்), அவருக்குப் பதிலாக நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா என்று பார்த்தவர்களைக் கேட்டார்கள். சிலருக்கு, இனிமேல் நீங்கள் இதைப் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து போகலாம் என்று வழியும் விட்டார்கள். பார்க்கச் சகிக்காமல்தான் உதவுகிறோம் என்றால் எழுந்து போனாலே போதுமே. அந்தப் பெண்ணுக்காக மனம் இளகியவர்களில் பெரும்பாலோர் போகவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார்கள். அதற்கும் மறுப்பு எழுதியிருக்கிறார்கள், மறுப்புக்கு மறுப்பும் இருக்கிறது. மாமாவிடம் சொன்னால், "உதவாம போனா அப்புறம் உறுத்தும்னு பயந்திருப்பான்" என்றார். எந்தக் காய் நகர்த்தினாலும் அவரே ஜெயிக்கிற ஆட்டத்தை எவ்வளவு நேரம் விளையாடுவது? விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியில் வேறொன்று உறைத்தது. எனக்கு உதவிய ஒருவரிடமும் நான் "ஏன் செய்தீர்கள்" என்று கேட்கவில்லை. எல்லாரும் தாங்களாகவே ஒரு சுயநலத்தைத் தேடி எடுத்து நீட்டினார்கள். துணைக்கு, கைமாற்றுக்கு, புண்ணியத்துக்கு, விடுப்புக்கு. அதில் ஒன்றாவது செய்த காரியத்தின் அளவுக்கு இருக்கிறதா என்றால் இல்லை. வீட்டுக்குத் துணை வேண்டும் என்பதற்காக ஒருவர் தன் சமையலை மாற்றிக்கொள்வாரா? வேலையை விட்டுப் போகிறவர் அடுத்த வருட இரவுகளைக் கடனாகக் கேட்பாரா? வாங்குகிறவன் கூனிப்போகக் கூடாது என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். நான் உனக்காகச் செய்தேன் என்று சொன்னால் எனக்குத் தலை நிமிராது. எனக்காகச் செய்துகொண்டேன் என்று சொன்னால் நான் பாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். எனக்குக் கிடைத்த உதவியிலேயே பெரிய பங்கு இந்தப் பொய்தான் என்று இப்போது தோன்றுகிறது.

புறநானூற்றில் ஆய் என்ற வள்ளலைப் பற்றி முடமோசியார் பாடும்போது, இங்கே செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் போடும் "அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்கிறார். அறத்தை விலைக்கு விற்கிற வியாபாரி இல்லை என்று பாராட்டு. அந்தப் புலவர் தேக்காவுக்கு வந்து, "இது எனக்குப் புண்ணியம்" என்ற அம்மாவைப் பார்த்திருந்தால் வணிகர் பட்டியலில் சேர்த்திருப்பாரோ என்னவோ. எனக்கென்னவோ அந்த அம்மா வியாபாரியைப் போல நடித்தார் என்றுதான் படுகிறது. அவர் கடையில் மற்றவர்களிடம் அஞ்சு காசு விடமாட்டார்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. நானும் ரத்தம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். பெரிய மனசு ஒன்றும் இல்லை. 14 பை வாங்கினோம், 14 கொடுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒரு முறை கொடுத்தால் அடுத்து 12 வாரம் பொறுக்க வேண்டும். இதுவரை மூன்று முடிந்தது.

மூன்று முறையும் சின்ன மாமா கூட வந்தார். முதல் தடவை ரத்தச்சத்து போதவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையுமாகத் தின்று தேற்றிக்கொண்டு அடுத்த முறை வந்து படுத்தார். எதற்கு மாமா இவ்வளவு பாடு என்றால், "ரத்த அழுத்தம் எல்லாம் ஓசியில பார்த்துடலாம்ல" என்றார். வருகிற சனிக்கிழமைக்கு அவரே எங்கள் இருவருக்கும் நேரம் பதிவு செய்துவிட்டார். இந்த முறை கேட்டதற்கு, அங்கே கொடுக்கிற மைலோ நன்றாக இருக்கிறதாம். மாமா எனக்குத் தெரிந்த நாளிலிருந்து சர்க்கரை போடாத கறுப்புக் காப்பியான கோப்பி ஓ கோசோங்கைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்ததில்லை.

அன்புடன்,
ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து, இரண்டு மகள்களின் அப்பா