குறைந்தது அடியா, அழைப்பா?

பொதுச் சுகாதாரத் துறை, புள்ளியியல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெருந்தொற்றுக் காலம் பற்றிய உங்கள் மதிப்பீட்டு அறிக்கையைப் படித்தேன். குடும்ப வன்முறைக்கு அதில் கிடைத்திருப்பது ஒரே வரி: ஊரடங்கின் முதல் வாரங்களில் வன்முறை குறைந்தது. ஆதாரம், உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளின் கணக்கு. அந்த வரியைத் திருத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அந்த மாதங்களில் நான் தொலைபேசிக் கணக்கெடுப்பாளராக வேலை செய்தேன். ஒரு பெண் காய்ச்சல், மருந்து, வேலையிழப்பு என்று எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்து வரும் வன்முறைப் பகுதிக்கு முன், "இப்போது தனியாகப் பேச முடியுமா?" என்று கேட்டேன். "நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம்" என்றார். நான் கேட்டது அதுவல்ல. பின்னால் ஓர் ஆண்குரல், "யார்?" என்றது. "காய்ச்சல் கணக்கு எடுக்கிறார்கள்" என்றார். அடுத்த நொடி என் குரலே எனக்குத் திரும்பக் கேட்டது. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்கள். பயிற்சியில் சொன்னபடி காய்ச்சல் கேள்விகளுக்கே திரும்பினேன். முடிக்கும்போது, "மறுபடியும் கூப்பிடுவீர்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

வன்முறைப் பகுதிக்குப் படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: உண்டு, இல்லை, பதிலளிக்க மறுப்பு. 'மறுப்பு' என்று குறித்தேன். அவர் மறுக்கவே இல்லை. விழுக்காடு போடும்போது மறுத்தவர்களை நீக்கிவிட்டார்கள்.

பக்கத்தில் ஆள் இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வழிகாட்டுதலே தனிமையை வலியுறுத்துகிறது. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே கூரையின்கீழ் அடைபட்டிருந்த நாட்களில் அந்தத் தனிமை எங்கே கிடைத்திருக்கும்? இத்தாலியில் 2020 மார்ச் தொடக்கத்தில் உதவி அழைப்புகள் சரிந்தன. விளம்பரம் பெருகிய பிறகு ஏறின. மார்ச் 1 முதல் ஏப்ரல் 16 வரை மொத்தமாகப் பார்த்தால் முந்தைய ஆண்டைவிட 73 விழுக்காடு அதிகம். முதலில் சரிந்ததை வைத்து அங்கே வீடுகள் அமைதியாகிவிட்டன என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய பிழை! அதே பிழைதான் உங்கள் அறிக்கையில் அச்சாகியிருக்கிறது.

தொற்று எண்ணிக்கை மட்டும் மாலை தவறாமல் வந்தது. படுக்கைகள் எத்தனை, பரிசோதனைகள் எத்தனை என்று எண்ணினீர்கள். பரிசோதனை குறைந்த நாளில் தொற்றும் குறைவாகத் தெரியும் என்று நீங்களே எச்சரித்தீர்கள். அந்த எச்சரிக்கையில் ஒரு வரியைப் பெண்களுக்காக எழுத ஏன் மனம் வரவில்லை? 'வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்' என்று ஊரெல்லாம் ஒலித்தபோது, வீடுதான் ஆபத்து என்று இருந்தவர்களை யார் நினைத்தீர்கள்? 2020 ஏப்ரல் 5 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் வீடுகளுக்குள் அமைதி வேண்டும் என்று உலகுக்கே வேண்டுகோள் விடுத்திருந்தாரே.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: 'வன்முறை குறைந்தது' என்பதை 'அழைப்புகள் குறைந்தன' என்று திருத்துங்கள். பேச முடியாமல் நின்றுபோன நேர்காணல்களைத் தனியாக எண்ணி, அந்த எண்ணையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள். அடுத்த நெருக்கடிக்கான படிவத்தில் 'பேசும் சூழல் இல்லை' என்று நான்காவது கட்டம் ஒன்றை இப்போதே சேர்த்துவிடுங்கள். குரலில் பேச முடியாதவருக்குக் குறுஞ்செய்தி வழியும், மருந்துக் கடையில் சொல்ல ஒரு குறிச்சொல்லும் ஏற்பாடு செய்ய முடியும். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் 2020 மார்ச்சிலேயே 'முகக்கவசம் 19' என்று கேட்டால் போதும் என்று செய்துகாட்டினார்கள். நெருக்கடி தணிந்ததும் நேரில் போய், தனிமையில் மறுபடி கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் படிவம் உங்கள் கோப்புகளில்தான் இருக்கிறது. நீக்கியவற்றோடு சேர்த்து அதையும் வெளியே எடுங்கள். அந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.

இப்படிக்கு,
'மறுப்பு' என்று குறித்த கணக்கெடுப்பாளர்