அப்பாவுக்கு: டோப்ருக் துறைமுகத்தில் வெடித்த பால் டின்

அன்புள்ள அப்பா,

கீழ்ஓட்டிவாக்கம் சுப்பிரமணியன் கதையை உங்கள் வாயால் கேட்காத பிள்ளை நம் தெருவில் கிடையாது. 1944 பிப்ரவரியில், இத்தாலியில், கண்ணிவெடி வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் கூட வந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்து உயிரை விட்ட சுபேதார். வீரத்துக்குப் பிரிட்டன் தரும் ஜார்ஜ் கிராஸ் பதக்கத்தை அவர் மனைவி துர்காம்மாள் வைஸ்ராய் வேவல் கையால் வாங்கினார் என்று சொல்லும்போது உங்கள் குரல் ஒரு படி ஏறும். நீங்களும் மெட்ராஸ் சாப்பர், பாலமும் கண்ணிவெடியும் பார்க்கும் ராணுவப் பொறியாளர் படை ஆயிற்றே, ஏறாமல் இருக்குமா.

இந்த முறை கதை சொல்வது என் முறை. இவர் சாப்பர் இல்லை. இவர் கையில் ராணுவம் துப்பாக்கியே கொடுக்கவில்லை. ஆனால் செய்தது முழுக்க முழுக்க சாப்பர் வேலை. பெயர் ஜோப் மசெக்கோ. எல்லோரும் படிக்கட்டுமே என்று பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வேலை பார்க்கும் ஸ்பிரிங்ஸ், ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே, தங்கச் சுரங்கங்களை நம்பி உண்டான ஊர். மசெக்கோ இங்கேதான் வீடு வீடாகச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தார். போர் வந்ததும் விருப்பப்பட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். கறுப்பினத்தவருக்கு என்று தனியாக நேட்டிவ் மிலிட்டரி கோர் என்று ஒரு படை. நம்மவர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இந்தியன் அண்ட் மலாய் கோர். இரண்டிலும் ஒரே சட்டம்தான்: வண்டி ஓட்டலாம், சமைக்கலாம், காயம்பட்டவனைத் தூக்கலாம், துப்பாக்கி மட்டும் தொடக்கூடாது. காவலுக்கு நிற்கும் கறுப்பின வீரன் கையில் ஈட்டியும் தடியும். எதிரி விமானத்தில் வந்து குண்டு போடுகிறான், இவன் ஈட்டியோடு நிற்கிறான். என்ன சொல்வது.

நான் குடியிருக்கும் பெனோனி ஆக்டன்வில்லில் ஒரு தமிழ்ப் பெரியவர் இருக்கிறார். எல்லோருக்கும் அங்கிள், எனக்குத் தாத்தா. வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் புரட்டாசி பிறந்தால் கறி மீன் அடுப்படிப் பக்கமே வராது, தைப்பூசத்துக்குக் காவடி தப்பாது. அவருடைய அப்பா இந்தியன் அண்ட் மலாய் கோரில் லாரி டிரைவர். வட ஆப்பிரிக்கா வரை போய்த் திரும்பியவர். மசெக்கோ பெயரை எனக்கு முதலில் சொன்னது இந்தத் தாத்தாதான். தன் அப்பாவைப் பற்றிக் கேட்டால் ரெண்டே வரியில் முடித்துவிடுவார். மசெக்கோ என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1942 ஜூன் 21 அன்று லிபியாவில் டோப்ருக் துறைமுகம் ஜெர்மன் தளபதி ரோம்மெலிடம் விழுந்தது. தென்னாப்பிரிக்க ஜெனரல் கிளோப்பர் சரணடைந்தார். முப்பதாயிரத்துக்கும் மேல் கைதிகள், அதில் பத்தாயிரத்துக்கும் மேல் தென்னாப்பிரிக்கர்கள். மசெக்கோவும் அதில் ஒருவர். கறுப்பினக் கைதிகளில் பலரை ஜெர்மன்காரர்கள் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்க வைத்தார்கள்.

அங்கேதான் இந்த மனுஷன் வேலையைக் காட்டினார். கெட்டிப் பால் வரும் சின்ன டின் ஒன்று. ரைஃபிள் தோட்டாக்களைப் பிரித்து, உள்ளே இருந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து டின்னுக்குள் நிரப்பினார். ஒரு நீளத் திரி. ஜூலை 21 வாக்கில், சரக்கு ஏற்றி நின்ற ஒரு கப்பலின் அடித்தளத்துக்குப் போய், பெட்ரோல் பீப்பாய்களுக்கு நடுவே டின்னைச் செருகினார். திரியை மேலே, சரக்கறை மூடியின் வாய் வரை இழுத்து வந்தார். மூடியைச் சாத்தும் நேரத்தில் பற்ற வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இறங்கிவிட்டார். கப்பல் தீப்பிடித்து மூழ்கியது.

இதைக் கேட்டதும் நீங்கள் முதலில் கேட்கப் போவது திரியின் நீளம்தான் என்று எனக்குத் தெரியும். அப்புறம், டெட்டனேட்டர் இல்லாமல் தோட்டா மருந்து எப்படி வெடிக்கும், அது எரியத்தானே செய்யும் என்பீர்கள். எனக்குத் தோன்றுவது, அந்த டின் கப்பலை உடைக்க வைத்தது இல்லை. பெட்ரோலைப் பற்ற வைக்க வைத்தது. பீப்பாய்களுக்கு நடுவே இடம் பார்த்து வைத்தாரே, அங்கேதான் ஆளின் மூளை இருக்கிறது. சரியா தப்பா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னை உலுக்கியது அந்தக் கடைசி நிமிடம் இல்லை, அதற்கு முந்தைய நாட்கள். ஒவ்வொரு தோட்டாவாகப் பிரிக்கும்போதும் பிடிபட்டால் அங்கேயே சுட்டிருப்பார்கள். சுப்பிரமணியன் முடிவெடுக்கக் கிடைத்தது சில நொடி. மசெக்கோவுக்கோ, வேண்டாம் என்று விட்டுவிட எத்தனையோ தடவை வாய்ப்பு இருந்தது. எது பெரிய வீரம் என்று தராசில் வைக்கவில்லை அப்பா. ரெண்டும் வேறு வேறு மாதிரி.

பிறகு சிறையிலிருந்து தப்பி, பாலைவனத்தில் மூன்று வாரம் நடந்து, எதிரி எல்லையைத் தாண்டி, எகிப்தில் நம் பக்கத்துப் படைகள் இருந்த எல் அலமெய்ன் பக்கம் வந்து சேர்ந்தார்.

இதற்குக் கிடைத்தது மிலிட்டரி மெடல், எம்.எம். சின்னப் பதக்கம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு எழுதிய பாராட்டுரையைப் படித்தால் உங்களுக்கே குழப்பம் வரும். திட்டமிட்டுச் செய்தார், சமயோசிதம் காட்டினார், எதிரி தரும் தண்டனைக்கும் அஞ்சவில்லை, வெடிக்கும் அஞ்சவில்லை என்று எல்லாவற்றையும் அவர்களே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். மசெக்கோவை ஓவியமாக வரைந்தவர் நெவில் லூயிஸ், அரசு நியமித்த போர் ஓவியர். பிரிட்டிஷ் ராணுவத்தின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸுக்கு (வி.சி.) பரிந்துரை போயிருந்தும், ஆப்பிரிக்கர் என்பதால் எம்.எம். ஆகச் சுருங்கியது என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

நீங்கள் மறுப்பு சொல்வீர்கள். வி.சி. என்றால் சாட்சி வேண்டும், பார்த்த ஆபீசர் எழுத வேண்டும், கைதியாக இருக்கும்போது செய்ததை யார் பார்த்தது என்று. நியாயமான கேள்விதான். ஆனால் வி.சி.யின் கதவு நிறத்தைப் பார்த்து மூடியிருக்கவில்லை. 1911-லேயே இந்தியச் சிப்பாய்களுக்குத் திறந்துவிட்டார்கள், 1914-ல் குதாதாத் கான் வாங்கியும் விட்டார். ஒரு தமிழ் சுபேதாருக்கு ஜார்ஜ் கிராஸ் தர லண்டனுக்குக் கை வந்தது. அதனால் முட்டுக்கட்டை லண்டனில் இல்லை, இந்த நாட்டுக்குள்ளேயே இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ரைஃபிளை நம்பிக் கொடுக்காத ஆட்களுக்கு இவன் வீரன் என்று உச்சப் பதக்கத்துக்கு எழுத மனசு வருமா? எழுதினால், பிறகு ஏன் ரைஃபிள் கொடுக்கவில்லை என்ற கேள்வி வந்துவிடுமே.

லூகாஸ் மஜோசி என்று இன்னொருவர். எல் அலமெய்னில் தன் உடம்பில் குண்டுகள் பாய்ந்த பிறகும் திரும்பத் திரும்ப இயந்திரத் துப்பாக்கிச் சூட்டுக்குள் போய் அடிபட்டவர்களைத் தூக்கி வந்தவர். டி.சி.எம்., அதாவது டிஸ்டிங்க்விஷ்ட் கண்டக்ட் மெடல், கொடுத்தார்கள். அந்தப் போரில் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர் ஒருவர் பெற்ற உயர்ந்த பதக்கம் அதுதான். அவரும் கையில் ஆயுதம் இல்லாதவர்.

போர் முடிந்து திரும்பியபோது வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு நிலமும் வீடும், கறுப்பனுக்கு சைக்கிளும் ஓவர்கோட்டும் என்று இங்கே வயசானவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆக்டன்வில் தாத்தா தன் அப்பாவுக்கு வந்த கோட்டைத் தானே பள்ளிக்கூடம் போகும்போது போட்டுக்கொண்டதாகச் சொன்னார். கை நீளம் அதிகம், மடித்து விட்டுக்கொள்வாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மசெக்கோவின் முடிவு இன்னும் மோசம். 1952 மார்ச் 7 அன்று ஸ்பிரிங்ஸ் பக்கம் ரயிலில் அடிபட்டு இறந்தார். அடக்கம் செய்யக்கூடக் கையில் காசில்லை, கடன் வாங்கித்தான் செய்தார்கள். பெய்ன்வில் இடுகாட்டில் இருக்கிறார்.

அங்கீகாரம் அப்புறம் வந்தது, நாடு மாறிய பிறகு. 1997-ல் கடற்படையின் தாக்குதல் படகு ஒன்றுக்கு இருந்த அமைச்சர் பெயரை எடுத்துவிட்டு எஸ்.ஏ.எஸ். ஜோப் மசெக்கோ என்று வைத்தார்கள். கப்பலை மூழ்கடித்தவர் பெயரைக் கப்பலுக்கே வைத்த குறும்பு யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு ஒரு சல்யூட். குவாத்தேமாவில் ஒரு தொடக்கப்பள்ளிக்கும் அவர் பெயர். ஸ்பிரிங்ஸிலிருந்து அங்கே போகும் சாலையும் அவர் பெயரில்தான். இறந்த பிறகாவது வி.சி. தர வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தாத்தாவிடம் கேட்டால், இப்போது கொடுத்தால் யார் சட்டையில் குத்துவார்கள் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துர்காம்மாள் கையில் வந்த பதக்கம் சுப்பிரமணியன் சட்டையிலா ஏறியது? அது நம் தெருவரைக்கும் வந்ததே. இவருக்கும் கொடுக்கட்டும்.

டிசம்பரில் நீங்கள் வரும்போது ஜோகன்னஸ்பர்க் ராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள். டாங்கி, பீரங்கி என்று உங்களுக்கு நேரம் போவதே தெரியாது. அம்மாவுக்கு அரை மணியில் அலுத்துவிடும். பரவாயில்லை, மிருகக்காட்சி சாலை பக்கத்திலேயே இருக்கிறது, பேரனைக் கூட்டிக்கொண்டு அங்கே போகட்டும். தாத்தாவையும் அழைத்து வருகிறேன். திரி எத்தனை அடி இருந்திருக்கும் என்று நீங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து சண்டை போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்