எலுமிச்சைச் சாற்றில் மீன் வேகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரு நாட்டுக் கடலோரச் சமையலைப் பின்பற்றித் தொடங்கப்படும் சிறு மீன் உணவகங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தோம். நல்ல அறிமுகம். ஆனால் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் புரட்டிப் பரிமாறும் செவிச்சேயை ‘எலுமிச்சைச் சாற்றிலேயே வெந்த மீன்’ என்று எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். புளிப்பு பட்டதும் மீனின் புரதம் இறுகிச் சதை வெளுக்கிறது. பார்வைக்கு வெந்தது போலிருக்கும், அவ்வளவுதான். கடல் மீனின் உடலில் ஒட்டுண்ணியாக வாழும் அனிசாக்கிஸ் புழு அதில் சாகாது. கிருமிகளும் முழுதாக ஒழியாது.

புழுவைக் கொல்வது உறைகுளிர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கணக்குப்படி மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைக்க வேண்டும். இல்லையேல் மைனஸ் 35 டிகிரியில் கெட்டியாக உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி அளவில்தான் நிற்கும், கதவைத் திறக்கத் திறக்க ஏறவும் செய்யும். சிறிய உணவகங்கள் சறுக்குவது இங்கேதான். உறைகுளிரால் பாக்டீரியா சாகாது என்பதால், உறைந்த மீனை 4 டிகிரிக்குள் இரவு முழுக்க வைத்து இளக்க வேண்டும். சமையல் மேடையில் வெளியே போட்டு இளக்கினால் பட்ட பாடெல்லாம் வீண். சூரை, கானாங்கெளுத்தி வகைகளைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடாவிட்டால் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் சேர்ந்துவிடும். அதை உறைகுளிரும் போக்காது, அடுப்பும் போக்காது.

இனி செய்முறை. எலும்பும் தோலும் நீக்கிய வெள்ளைச் சதை மீன் 500 கிராம். ஈரத்தை ஒற்றி எடுத்து 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். முதலில் உப்பு, ஒன்றரைத் தேக்கரண்டி போல. புரட்டி ஒரு நிமிடம் விட்டபின் பொடியாக அரிந்த அஹி லிமோ என்னும் பெரு நாட்டு மிளகாய், கொத்தமல்லி, கடைசியில் 150 மில்லி சாறு. பெருவில் பயன்படுவது சிறிய, மெல்லிய தோல் கொண்ட, புளிப்பு மிகுந்த பச்சை எலுமிச்சை. பெரிய மஞ்சள் எலுமிச்சையில் அந்தக் கூர்மை வராது. கையால் லேசாகப் பிழிந்தால் போதும். கடைசிச் சொட்டுவரை நசுக்கினால் தோலின் கசப்பு இறங்கிவிடும். காலையிலேயே பிழிந்து வைத்த சாறு மாலைக்குள் வாசனை மாறிவிடும். பல சமையலறைகள் இதை ஒத்துக்கொள்வதே இல்லை! சிவப்பு வெங்காயத்தை இழையாகச் சீவிப் பனிக்கட்டி போட்ட நீரில் அலசிச் சேர்க்க வேண்டும். கிண்ணத்தில் இரண்டு பனிக்கட்டி போட்டுக் கிளறி, பரிமாறுமுன் எடுத்துவிடலாம்.

3 முதல் 5 நிமிடத்தில் தட்டு மேசைக்குப் போய்விட வேண்டும். அரை மணி நேரம் ஊறினால் மீன் நீர்விட்டுச் சுண்ணாம்புபோல உதிரும். முன்பு பெருவிலும் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். 1899 முதல் அங்கே குடியேறிய ஜப்பானியர் வழிவந்த சமையலர்களே இந்த நேரத்தைச் சுருக்கினார்கள் என்பர். அவித்த சர்க்கரைவள்ளியும் பெரிய மணி மக்காச்சோளமும் தட்டில் அலங்காரத்துக்கு வருவதல்ல, புளிப்பைத் தணிக்க வருகின்றன.

கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும் என்று உணவுப் பட்டியலிலேயே அச்சிடுவது முறை. அடுத்த உணவக அறிமுகத்தில், மீன் எத்தனை டிகிரியில் எத்தனை நாள் இருந்தது என்று சமையலறையில் கேட்டு, கிடைத்த பதிலையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கடல் உணவுச் சமையலர்கள் சிலர்