ரெஸ்யூமில் பிள்ளைகளைக் காணோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்செங்கோட்டில் 2009 முதல் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை நடத்தி வருகிறேன். எங்கள் ஊரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் நிறைய. நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் கேம்பஸ் தேர்வுக்கு நாள் குறித்துவிட்டால் போதும், சாயங்காலம் 5 மணிக்கு மேல் கடை வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள். "அக்கா, ரெஸ்யூம் அடிச்சுக் குடுங்க. நாளைக்குக் காலையில காலேஜ்ல குடுக்கோணும்."

பொறியியல் படித்தவர்களிடம் வேலைக்கேற்ற திறன் இல்லை என்று நிறுவனங்கள் குறைப்படுவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். திறன் குறைவான பிள்ளைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையில் வேலை தெரிந்தும் அதைத் தாளில் எழுதத் தெரியாமல் வெளியே நிற்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் பக்கத்துத் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரில் ஒரு ரெஸ்யூம் ஃபைல் இருந்தது. 2011இல் ஒரு மாணவர் கொண்டுவந்தது. பெயர், முகவரி, மதிப்பெண் இவற்றை மட்டும் மாற்றி அதையே அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு அடித்துக் கொடுப்பேன். ஒரு ரெஸ்யூமுக்கு 50 ரூபாய். மேலே 'கேரியர் அப்ஜெக்டிவ்' என்று மூன்று வரி: சவாலான சூழலில் என் திறமையைக் காட்டி நிறுவனத்தோடு நானும் வளர விரும்புகிறேன் என்கிற மாதிரி. அதன் கீழே 'ஹார்டு வொர்க்கர், குயிக் லேர்னர்'. பிறகு அப்பா பெயர், மதம், திருமணம் ஆனவரா, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. கடைசியில் இவையெல்லாம் உண்மை என்று ஓர் உறுதிமொழி, கையெழுத்துக்கு ஒரு கோடு. மெக்கானிக்கல் படித்தவருக்கும் அதுதான், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவருக்கும் அதுதான். ஒரே கல்லூரியிலிருந்து போகிற 60 தாளிலும் அதே மூன்று வரி இருந்தால், எடுத்துப் பார்க்கிறவர் எதை வைத்து ஒருவரைக் கூப்பிடுவார்? இத்தனை ஆண்டுகள் இதை நான் யோசிக்கவே இல்லை.

யோசிக்க வைத்தவன் கடைக்கு வந்த ஒரு மாணவத் தம்பி. அவன் அப்பாவுக்கு ரிக் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் எங்கள் ஊரிலிருந்து பல மாநிலங்களுக்குப் போகின்றன. ஆட்கள் மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வருவதில்லை. தம்பி கொண்டுவந்த தாளில் பிராஜெக்ட் என்ற இடத்தில், முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு போடும் டீப் லேர்னிங் (கம்ப்யூட்டருக்கு நிறையப் படங்களைக் காட்டிப் பழக்கும் முறை) திட்டம் என்று எழுதியிருந்தது. அந்த வாரத்தில் அதே பிராஜெக்டை நான் அடிப்பது நான்காவது முறை. "இதை எப்படிப்பா செஞ்சே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஈரோட்டுல பிராஜெக்ட் சென்டர்ல வாங்குனதுங்க்கா. நாலு பேரு சேர்ந்து காசு போட்டோம்."

"செரி, நீயா எதுவுமே செஞ்சதில்லையா கண்ணு?"

"இல்லீங்க்கா." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "அப்பாவோட ஓனர் ஆபீசுக்கு பில் போடறதுக்கு ஒண்ணு பண்ணிக் குடுத்தேன். அதெல்லாம் ரெஸ்யூம்ல போடலாமுங்களா?"

ஆழ்துளைக் கிணறு போட்டதற்கு எழுதும் 'போர் பில்' லேசுப்பட்ட கணக்கில்லை. அந்த ஆபீசில் முதல் 300 அடி வரை அடிக்கு ஒரு விலை, அதற்குமேல் ஒவ்வொரு 100 அடிக்கும் விலை ஏறும். மேல்மண் சரியாமலிருக்க இறக்குகிற கேசிங் பைப்புக்குத் தனி அடிக்கணக்கு, புரோக்கர் கமிஷன் தனி. வண்டியிலிருந்து ராத்திரி போனில் சொல்லுகிற அடியை நோட்டில் குறித்துவைத்து மறுநாள் பில் எழுதுவார்கள். பிசகினால் தோட்டக்காரரோடு சண்டை. இவன் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதி, அடியையும் பைப் அளவையும் கொடுத்தால் பில் வருகிற மாதிரி செய்து வைத்திருக்கிறான். ஏழு மாதமாக அந்த ஆபீசில் அதில்தான் பில் போடுகிறார்கள். நாலு வருடப் படிப்பில் இந்தப் பிள்ளை தானாகச் செய்த ஒரே வேலை, ஒருவர் தினமும் பயன்படுத்துகிற வேலை. அது தாளில் இல்லை.

அன்று ராத்திரி 9 மணி வரை அவனோடு உட்கார்ந்திருந்தேன். வாங்கிய பிராஜெக்டை எடுத்தோம். அப்ஜெக்டிவை எடுத்தோம். அந்த இடத்தில் போர் பில்லைப் பற்றி நான்கு வரி எழுதினோம்: எதற்காகச் செய்தான், எதில் எழுதினான், 100 அடிக்கு ஒருமுறை மாறும் விலையை எப்படிக் கையாண்டான், எத்தனை மாதமாக ஓடுகிறது. 'சாஃப்ட்வேர் டெவலப் செய்தேன்' என்று பெரிதாகப் போடலாமா என்று கேட்டான். வேண்டாம், நடந்ததை அப்படியே போடு என்றேன்.

முதல் இரண்டு கம்பெனியிலிருந்து அழைப்பே வரவில்லை. மூன்றாவதில் நேர்முகம் முடித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தான். "இருவது நிமிசம் போர் பில்லையேதான் கேட்டாங்க அக்கா. 640 அடியில நிறுத்திட்டு, பார்ட்டி மனசு மாறி மறுநாள் மறுபடி ஓட்டச் சொன்னா உங்க புரோகிராம் என்ன பண்ணும்னாங்க. அந்தப் பிரச்சினை நெசமாவே ஆபீஸ்ல வந்திருக்குதுங்க்கா. எப்படிச் சரி பண்ணேன்னு சொல்லிட்டேன்." இப்போது கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் பயிற்சியில் இருக்கிறான்.

பிராஜெக்ட் சென்டர்களைப் பற்றிப் பெற்றோர் பலருக்கு முழுதாகத் தெரியாது. 'ஐ.இ.இ.இ. பிராஜெக்ட்' என்று ஓர் உலகப் பொறியாளர் அமைப்பின் பெயரைப் போட்டு போர்டு வைத்திருப்பார்கள். தலைப்பு, கோடிங், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் ஒரே தொகைக்குக் கிடைக்கும். கல்லூரியில் நடக்கும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அது செல்லுபடியாகலாம். நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவர் 'எத்தனை படம் வைத்துப் பழக்கினாய், எந்த முகத்தில் தவறியது?' என்று கேட்டதும் பிள்ளை விழித்துக்கொண்டு நிற்கும். ஒரு தாளில் ஒரு பொய் பிடிபட்டால், பக்கத்திலிருக்கிற உண்மையையும் யாரும் நம்புவதில்லை. அதற்காகவாவது அதை எடுத்துவிடச் சொல்கிறேன்.

திறன் பட்டியலிலும் இதே கதைதான். சி, சி++, ஜாவா, பைத்தான், எஸ்.க்யூ.எல், எச்.டி.எம்.எல் என்று கற்ற வகுப்புகளையெல்லாம் வரிசையாக எழுதிவிடுகிறார்கள். "இதுல எதுல நாளைக்குக் காலையில கேள்வி கேட்டாப் பதில் சொல்லுவே?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு மிஞ்சும். இரண்டையே வைத்துக்கொள்வோம். 'ஜாவா 80 சதவீதம்' என்று பட்டை வரைந்த டிசைன்களும் இப்போது வருகின்றன. எதில் 80 என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை.

டிசைன் என்றதும் இன்னொன்று. பெரிய நிறுவனங்களில் பலவற்றில் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் வாங்கி வைத்து, பெயர், படிப்பு, திறன் என்று பிரிக்கிறது. பக்கத்தை இரண்டாகப் பிளந்து, கட்டம் போட்டு, படத்துக்குள் எழுத்தை வைத்து அழகு பண்ணிய தாளை அது தாறுமாறாகப் படிக்கலாம். தாளை மொபைலில் போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புகிற பிள்ளைகளும் உண்டு. அது வெறும் படம், எழுத்தே இல்லை. இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவழிக்க வேண்டாம். பி.டி.எஃபைத் திறந்து எல்லா எழுத்தையும் தேர்வு செய்து, காப்பி பண்ணி, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் நல்லது. கைப்பேசி எண் ஒரு மூலையிலும் பாதிப் பெயர் இன்னொரு மூலையிலும் போய் விழுந்தால், மென்பொருளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் செய்து காட்டுகிறேன். முகம் மாறிப்போகிறது பிள்ளைகளுக்கு.

கைப்பேசி எண்ணைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ரீசார்ஜ் பண்ணாமல் போன பழைய சிம் எண்ணோடு ஒரு பெண் ஏழெட்டு மாதம் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தாள். யாராவது கூப்பிட்டார்களா என்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. மெயில் முகவரி பெயரோடு ஒட்டியதாக இருக்கட்டும். ஆதார் எண்ணை ரெஸ்யூமில் போடவே கூடாது. இந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று சொல்ல முடியாது. முன்பணம் கட்டினால் வேலை என்று வருகிற போன்களுக்கும் இங்கிருந்துதான் எண் போகிறது. மதம், சாதி, அப்பாவின் தொழில் தனியார் ஐ.டி. வேலைக்குத் தேவையில்லை. அரசு வேலைக்கு அதற்கான படிவமே கேட்டுக்கொள்ளும். "அப்பா பேரு இல்லாம எப்படீம்மா?" என்று சில அப்பாக்கள் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வரி இருந்தால் பிள்ளை செய்த வேலைக்கு ஒரு வரி குறைகிறது.

ஒரு குறிப்பிட்ட ஆண்டுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொரோனாவால் 2021இல் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்காமல் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். அந்தச் சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும். அவர்கள் 2023இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பொறியியல் சேர்ந்து, 2027இல் பட்டம் வாங்குகிறவர்கள். பத்தாம் வகுப்பிலிருந்தே 60 சதவீதம் இருக்க வேண்டும் என்று கேட்கிற நிறுவனங்கள் பல. அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் சில பிள்ளைகள் 90, 95 என்று மனதுக்கு வந்ததை எழுதுகிறார்கள். சான்றிதழ் சரிபார்க்கிற நாளில் இது பெரிய வினையாகும். 'தேர்ச்சி, 2020-21ஆம் கல்வியாண்டில் மதிப்பெண் வழங்கப்படவில்லை' என்று எழுதினால் போதும். ஆன்லைன் படிவம் எண்ணைத்தான் கேட்கிறது என்றால், எதையாவது நிரப்புவதற்கு முன் கல்லூரி வேலைவாய்ப்பு அதிகாரியிடம் சொல்லி நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள். கல்லூரிகள் இதை முன்கூட்டியே நிறுவனங்களுக்குக் கடிதமாக எழுதிவிட்டால் பிள்ளைகளுக்கு அலைச்சல் மிச்சம்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் 2022இல் வந்தபிறகு எல்லார் தாளிலும் அந்தப் பெயர் இருக்கிறது. பெயரை மட்டும் போட்டால் எதுவும் தெரியாது. அதில் எந்தப் பாடம் எடுத்தாய், முடிவில் என்ன செய்து காட்டினாய் என்பதை ஒரு வரி எழுதலாம். ஐ.ஐ.டி.கள் ஆன்லைனில் நடத்தும் என்.பி.டெல். பாடத்துக்கு மையத்துக்கே போய்த் தேர்வெழுதி வாங்கிய சான்றிதழ் இருந்தால் அதை மேலே போட வேண்டும். வீடியோவை ஓடவிட்டு வாங்கிய பத்துச் சான்றிதழ்களுக்குள் அது புதைந்து கிடக்கிறது. எழுதிய புரோகிராம்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தின் இணைப்பு கொடுத்தால், அதைத் திறந்தால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். ஒரு புரோகிராம் இருந்தாலும் போதும், அது எதற்கு, எப்படி ஓட்டுவது என்று எளிய ஆங்கிலத்தில் பத்து வரி எழுதி வைத்திருந்தால் பார்க்கிறவருக்கு உதவி.

குமாரபாளையத்துப் பெண் ஒருத்தி, தறி ஓட்டுகிறவர்களின் வாரக்கூலியை கூகுள் ஷீட்டில் மூன்று வருடமாக வீட்டுக்குப் பார்த்துவருகிறாள். "அது வீட்டு வேலைங்க்கா" என்கிறாள். எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் இப்படி ஒன்று இருக்கிறது. யாராவது அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலைவாய்ப்பு அதிகாரி. அவர் என்ன செய்வார்? எல்லோரும் ஒரே மாதிரி கொண்டுவாருங்கள் என்று ஒரு மாதிரித் தாளை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார். மூன்றாம் ஆண்டிலேயே துறை ஆசிரியர்கள் ஆளுக்குப் பதினைந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு பேசினால் இது தீரும். இரண்டு மூன்று வருடம் முன்னால் வேலைக்குப் போன பழைய மாணவர்களை ஒரு சனிக்கிழமை வரவழைத்தாலும் சந்தோஷமாக வருவார்கள். தங்கள் கல்வி இணைப்பில் வாரம் ஒரு மாணவரின் ரெஸ்யூமை, பெயரும் ஊரும் மறைத்து, திருத்துவதற்கு முன்னும் பின்னுமாக வெளியிட வேண்டுகிறேன். கிராமத்துப் பிள்ளைகள் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பழைய ஃபைலை நான் அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை என் கடையில் இரண்டு கம்ப்யூட்டரை ரெஸ்யூமுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் காசு வாங்குவதில்லை. வருகிற பிள்ளைகள் பிராஜெக்ட் சென்டர் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு, தாங்கள் செய்து பார்த்த ஏதாவது ஒன்றை, பாதியில் நின்றதாக இருந்தாலும் சரி, கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டம்.