மருத்துவ விடுப்பை விசாரித்து, கொள்முதலை உடனே தொடங்க வேண்டி மனு

அனுப்புநர்:
குறுவை விவசாயிகள்,
வெண்ணாற்றுப் பாசனக் கிராமம்.

பெறுநர்:
உயர்திரு மண்டல மேலாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: கொள்முதல் நிலையப் பணியாளர்களின் மருத்துவ விடுப்பு – விசாரணையும் மாற்றுப் பணியாளரும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: முன்பு கொடுத்த மனுக்கள் (ஒப்புகைச் சீட்டுகள் இணைப்பு).

வணக்கம். மதகடிப் பாலம் தாண்டியதும் இடது கைப்பக்கம் உள்ள நெல் கொள்முதல் நிலையக் களம் தாங்கள் வந்து பார்த்த இடம்தான். குறுவை அறுவடை உச்சத்தில் இருக்கும்போது நெல்லுக்குப் பில் போடும் பட்டியல் எழுத்தரும் நிலையக் காவலரும் ஒரே வாரத்தில் மருத்துவ விடுப்பில் போய்விட்டார்கள். பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பில் போடும் கருவி, ஈரப்பதமானி, சாக்கு இருப்புப் பதிவேடு எல்லாம் பூட்டிய அறைக்குள்.

1. பட்டியல் எழுத்தர் இல்லாமல் ஒரு மூட்டை நகராது. சுமைதூக்கும் தொழிலாளர்களும் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

2. நெல் களத்திலும் தார்ச்சாலையிலும் அம்பாரமாகக் கிடக்கிறது. 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காயவைத்துக் கொண்டுவந்த நெல், ஒரு மழைக்கு மறுபடி ஈரம் ஏறிவிடுகிறது. படுதா போட்டு மூடினால் உள்ளே வேர்த்துச் சூடேறுகிறது, திறந்தால் தூறல். அடியில் தரையோடு ஒட்டிய நெல் முதலில் கறுக்கிறது, பிறகு முளை கட்டுகிறது. குறுவயது ரகங்களுக்கு விதை உறக்கம் (அறுத்த நெல் முளைக்காமல் இருக்கும் காலம்) குறைவு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கிளறிவிட ஆள்கூலி, படுதா வாடகை, இரவுக் காவல் எல்லாம் எங்கள் தலையில். கடைசியில் எழுத்தர் வந்து கருவியை வைத்துப் பார்த்து, “ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டு வாங்க” என்பார். எங்கே காயவைப்பது ஐயா? வெயிலைக் காட்டுங்கள், காயவைக்கிறோம்.

3. இருவரின் மருத்துவச் சான்றும் ஒரே வாசகத்தில் இருப்பதாக நிலையத்திலேயே பேச்சு. கேள்விப்பட்டதுதான், அதனால்தான் விசாரிக்கச் சொல்கிறோம். சான்று கொடுத்த மருத்துவரின் பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் பதிவோடு ஒப்பிட வேண்டும். அதே தேதிக்கு மருத்துவமனையில் புறநோயாளர் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடுப்பு தொடங்கிய பிறகு முன்தேதியிட்டு வாங்கிய சான்றா? நோயும் ஓய்வு நாட்களும் எழுதியிருக்கிறதா, வெறும் “உடல்நலக் குறைவு” மட்டுமா? சந்தேகம் இருந்தால் அரசு தலைமை மருத்துவமனையில் இரண்டாம் கருத்து கேட்கலாம். முந்தைய குறுவை, சம்பாக் கொள்முதல் மாதங்களின் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுப்புக் கடிதத்தை மேலே அனுப்பிய கண்காணிப்பாளரே விசாரிக்கக் கூடாது. வேறு சரக அலுவலர் வரட்டும்.

4. டீக்கடையில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அதைச் சாட்சியாக எடுக்க வேண்டாம். இடுப்பு பிடித்தவரும் கடைக்குப் போவார். வீட்டு வாசலில் நின்று படம் எடுப்பதும் வேண்டாம். உடம்பு முடியாதவர்தான் என்று மருத்துவர் சொன்னால், சம்பளத்தோடு ஓய்வெடுக்கட்டும். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

5. ஆனால் விடுப்பு உண்மையோ பொய்யோ, மாற்று ஆள் போடாதது யார் குற்றம்? அதற்கு எந்தச் சான்று வேண்டும்? பக்கத்து நிலையத்து எழுத்தரை வாரத்தில் பாதி நாள் இங்கே அனுப்பினாலே எடை ஓடுமே! இதைத்தானே முந்தைய மனுவிலும் கேட்டோம்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அறையைத் திறந்து இருப்பைக் குறித்துக்கொண்டு, மாற்று எழுத்தரிடம் நாளைக்கே பொறுப்பை ஒப்படைக்க உத்தரவிடுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். விசாரணை அதன்பின் அதன் போக்கில் நடக்கட்டும். முதலில் எடை போடச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
கிராம விவசாயிகள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)